வெள்ளிக்குப் பின்னால் ஒரு மணிக்கட்டு

காமாட்சி கையை வைத்ததும் டங் என்று சத்தம் கேட்டது.

எங்கள் எக்ஸ்ரே அறையின் சத்தங்கள் எனக்கு மனப்பாடம். மெஷின் சூடாகும்போது வரும் ரீங்காரம், சுவிட்சை அழுத்தினால் வரும் சின்னத் தும்மல், இருட்டறையில் குழாய் சொட்டுவது. பிள்ளைகளின் கைக்கு மட்டும் சத்தம் கிடையாது. பிலிம் அடைத்த கேசட்டின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைப்பார்கள். தண்ணீரில் இலை விழுகிற மாதிரி இருக்கும். இவள் கையோ மணி அடித்துக்கொண்டு வந்தது.

மணிக்கட்டில் வெள்ளிக் காப்பு. அவள் கட்டைவிரல் அளவுக்குத் தடிமன். இரண்டு கையிலும் ஒவ்வொன்று. நகர இடமில்லாமல் சதையைப் பிடித்துக்கொண்டு இருந்தன.

காலை நேரம். ஜன்னலை மூடிய கறுப்புத் துணியின் ஓரம் கொஞ்சம் விலகி, கோடாக வெயில் விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் தூசி மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காமாட்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேஜை விளிம்பு அவள் நெஞ்சுக்கு வந்தது. சீட்டில் வயது பதின்மூன்று என்று எழுதியிருந்தது. என்னைக் கேட்டிருந்தால் எட்டு என்றிருப்பேன்.

"காப்பைக் கழட்டிரலாமாம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

வாசலில் நின்ற அவள் அப்பா சொன்னார்.

"அது நகை இல்ல தாயி. சாமிக் காரியம்."

சுவரில் ஒட்டிய பட்டியல்

காரைக்குடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்த புதிது அது. கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. மதுரையில் போய்ப் படித்துவிட்டு வந்து, தினமும் காலை ரயிலில் வந்திறங்கி வேலை பார்த்தேன்.

எதையும் வரிசை போட்டால்தான் எனக்கு மனசு அடங்கும். சேர்ந்த வாரமே, படம் பிடிக்கும்முன் கழற்ற வேண்டியவை என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், தாயத்து, ஊக்கு. கொண்டை ஊசியைப் பிறகு சேர்த்தேன். நேர்த்திக்கடன் காப்பு என்று ஒன்றைச் சேர்க்கத் தோன்றவே இல்லை.

காமாட்சியின் அப்பா நடேச பத்தர், நகை செய்கிறவர். பற்றவைத்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் செய்வார் என்று ஊரில் பேர். ஆனால் தன் மகளைப் பற்றிப் பேசும்போது அவருக்கு வார்த்தை தட்டுத் தடுமாறியே வந்தது.

ஐந்தாறு வயதிலிருந்தே பிள்ளை வளர்த்தி நின்றுவிட்டதாம். போகாத இடமில்லை. கடைசியில் குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டு, ஒரு கார்த்திகை நட்சத்திர நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்து, அவரே வெள்ளியை உருக்கிக் காப்பு செய்து, அவள் கையிலேயே வைத்துப் பற்றவைத்துவிட்டார். அவள் தன் அம்மாவின் தோள் உயரம் வந்த அன்றைக்குக் குன்றக்குடியில் வைத்து அறுத்து உண்டியலில் போடுவதாக வேண்டுதல்.

"கழட்ட முடியக்கூடாதுன்னுதான் அப்பயே இறுக்கமாப் போட்டது," என்றார்.

"அதான் வளரவே மாட்டேங்குது போல, இறுக்கிப் புடிச்சதுல," என்றார் பின்னால் நின்ற அவர் மனைவி செல்லம்மாள்.

"ஒனக்கு எதுலயும் வெளையாட்டு."

"வெளையாட்டா இருந்தா நான் ஏன் இங்குட்டு வாரேன்? சின்னவ போன மாசம் குத்தவச்சுட்டா. சடங்குக்கு வந்த சனம் பூரா, மூத்தது எது, எளையது எதுன்னு கேக்குது. இவ பந்தல் மூலையில உக்காந்து தூங்கிக்கிட்டிருக்கா." செல்லம்மாள் என் பக்கம் திரும்பினார். "தாயி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இவ இனிமே வளருவாளா, இம்புட்டுத்தானா. அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க டாக்டரை."

காப்போடுதான் படம் பிடித்தேன்.

காதைத் தொட்ட கை

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். கையை வைத்து வயது சொல்வது எக்ஸ்ரே வந்த பிறகு வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அது எப்போதோ இருந்தது.

என்னைச் சேர்க்கப் போன அன்று, தலைமையாசிரியர் என் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. எனக்குக் கை நீளம். சுலபமாகத் தொட்டேன். "போன பங்குனியிலதான் நாலு முடிஞ்சிருக்கு," என்றார் அம்மா. "காது எட்டுதுல்ல?" என்றார் தலைமையாசிரியர். ஜூன் மாதத்தில் ஒரு தேதியை என் பிறந்தநாளாக அவரே எழுதிக்கொண்டார். அந்தத் தேதிதான் இன்றைக்கும் என் எல்லாச் சான்றிதழிலும் இருக்கிறது.

அடுத்து நின்ற பக்கத்து வீட்டுப் பையனுக்கு உண்மையிலேயே ஐந்து முடிந்துவிட்டது. கை குட்டை, தலை பெரிது. எவ்வளவு எக்கியும் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. அழுதுகொண்டே திரும்பிப் போனான். அவன் அடுத்த வருஷம்தான் வந்து சேர்ந்தான்.

ஒரே அளவுகோலில் இரண்டு பிள்ளைகள், இரண்டு தவறான விடைகள். அந்தப் பையனின் விரல் காதுக்கு மேல் தவித்தது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. இந்தத் தொழிலில் எனக்கு ஆர்வம் வந்த இடம் எது என்று யோசித்தால், அந்த விரலில்தான் போய் நிற்கிறேன்.

மூன்று வழிகள்

பிறக்கும்போது பிள்ளையின் மணிக்கட்டில் எலும்பு ஏதும் படத்தில் விழாது. எல்லாம் குருத்தெலும்பாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பொட்டு மாதிரி தோன்றும். எட்டு வரவேண்டும். விரல் எலும்புகளின் ஒரு முனையில் தொப்பி மாதிரி ஒரு சில்லு தனியாக மிதக்கும். அதற்கும் எலும்புக்கும் நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி. அந்த இடைவெளி இருக்கும்வரை வளர்த்தி உண்டு. அது மூடிவிட்டால் கதை முடிந்தது. செல்லம்மாள் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இதைப் பார்த்து வயது சொல்ல எனக்குத் தெரிந்து மூன்று வழிகள்.

மணிக்கட்டு எலும்புகளை எண்ணி, அதில் ஒன்றைக் கழித்துக்கொள்வது ஒன்று. பழைய வழி. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏதோ ஓரளவு சரிவரும்.

இரண்டாவது வழி எங்கள் ஆஸ்பத்திரி டாக்டருடையது. அவரிடம் ஒரு பெரிய படப் புத்தகம் இருந்தது. தூர தேசத்துப் பிள்ளைகளின் கைகள், வயதுக்கு ஒரு பக்கம், ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. நம் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தோடு முகஜாடை ஒத்துப்போகிறதோ அந்த வயது. டாக்டர் ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்தில் சொல்லிவிடுவார்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அந்தப் புத்தகத்தை நான் புரட்டுவேன். கறுப்பு வானத்தில் வெள்ளைக் கைகள். பக்கம் பக்கமாகப் புரட்டினால் ஒரே கை வளர்ந்துகொண்டே போகிற மாதிரி இருக்கும். பொட்டுகள் தோன்றி, பெருத்து, ஒன்றையொன்று நெருங்கி, கடைசிப் பக்கத்தில் எல்லாம் அடங்கிவிடும். பாலும் முட்டையும் சாப்பிட்டு, பனியில் விளையாடிய பிள்ளைகள். அவர்கள் இப்போது எங்கே இருப்பார்கள், அந்தக் கைகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்தபடியே கண் சொருகிப்போன மத்தியானங்கள் உண்டு.

மூன்றாவது என்னுடையது. அதாவது, மதுரையில் நான் படித்த இடத்தில் சைக்ளோஸ்டைல் உருட்டச்சில் எடுத்துக் கொடுத்த சில தாள்கள். ஒவ்வோர் எலும்பையும் தனித்தனியாகப் பார்த்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்து, அதற்கு உண்டான மதிப்பெண்ணைப் போட்டுக் கூட்ட வேண்டும். விரல்களுக்குத் தனிக் கூட்டு, மணிக்கட்டுக்குத் தனிக் கூட்டு. எனக்கு அரைமணி நேரம் பிடிக்கும். இதைவிடச் சுகமான அரைமணி எனக்கு வேறு கிடையாது.

"சுண்டு விரல் எத்தனை மார்க்கும்மா? பாஸா?" என்று டாக்டர் கேலி செய்வார்.

அவர் நாற்பது வயதுக்காரர். நல்ல மனிதர். கேலிக்குப் பதிலாக நான் ஒரு காரியம் செய்தேன். அவர் ஏற்கனவே பார்த்து எட்டு என்று சொன்ன ஒரு பழைய படத்தைப் பெயரை மறைத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி வைத்தேன். "ஒம்பது," என்றார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

"என்னையே பரீட்சை வைக்கிறியா?"

"என்னையும்தான் வச்சுக்கிட்டேன் சார். எனக்கும் மாறுது. கொஞ்சம் குறைச்சலா மாறுது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு படம் பார்க்கும்போது ஒரு பீடி நேரம் இரண்டு பீடி நேரமானது.

வெள்ளையைவிட வெள்ளை

காமாட்சியின் படம் ஹைப்போ மருந்துத் தொட்டியிலிருந்து வெளியே வந்தபோது எனக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. விரல்கள் அழகாக விழுந்திருந்தன. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டை. எலும்பு வெள்ளைதான். வெள்ளி அதைவிட வெள்ளை. மேகத்துக்குப் பின்னால் போன நிலவு மாதிரி, மணிக்கட்டு முழுக்க அதற்குப் பின்னால் போய்விட்டது.

டாக்டர் விரல்களை மட்டும் வைத்துப் பார்த்தார். "பத்து. மூணு வருஷம் பின்னாடி இருக்கு. இடைவெளியெல்லாம் நல்லாத் திறந்திருக்கு." பத்தரைக் கூப்பிட்டு, "பயப்பட ஒண்ணுமில்லய்யா. நீரும் உயரமில்ல. சில குடும்பத்துல பிந்தி வளரும். ரெண்டு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்," என்றார்.

பத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். செல்லம்மாள் கும்பிடவில்லை.

நான் விரல்களுக்கு மட்டும் கூட்டிப் பார்த்தேன். ஒன்பதரை வந்தது. டாக்டருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் கையை நேர்ப்படுத்தியபோது நான் கவனித்தவை மனசுக்குள் தானாக வரிசையில் நின்றுகொண்டன. சொரசொரப்பான தோல். உப்பின முகம். கேட்டால் யோசித்து யோசித்து வரும் பதில். பந்தல் மூலையில் தூக்கம். பிந்தி வளர்கிற பிள்ளைகள் பொதுவாகத் துறுதுறுவென்று இருக்கும். இவள் துறுதுறுவென்று இல்லை.

நான் டாக்டர் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"சார், பாதிக் கையைத்தான் பார்த்திருக்கோம்."

"விரல் போதும்மா."

"போதும்னா சரி. ஆனா காரணம் வேற ஏதாவது இருந்தா மணிக்கட்டுலதான் முதல்ல தெரியும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. அப்படி இருந்தா, ரெண்டு வருஷம் சும்மா காத்திருந்தது வீணாப்போயிரும்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "காப்பைக் கழட்ட மாட்டாங்களே."

"எக்ஸ்ரே குழாயைச் சாய்ச்சு ஒரே ஒரு படம் பிடிச்சுப் பார்க்கவா? வளையத்துக்கு நடுவுல சந்து கிடைக்கும்."

"ஒண்ணுதான். பிள்ளைக்கு அதுக்கு மேல வேண்டாம்."

சாய்ந்த படம்

நேராகப் பார்த்தால் பட்டையாகத் தெரியும் வளையம், சாய்த்துப் பார்த்தால் வாயைத் திறக்கும். அதுதான் என் யோசனை. வாயைத் திறக்கவும் செய்தது. மேல் வளைவு ஓரிடத்தில், கீழ் வளைவு ஓரிடத்தில், நடுவில் நீள்வட்டமாக ஒரு ஜன்னல். ஆனால் ஜன்னலுக்குள் தெரிந்த எலும்புகள் சாயங்கால நிழல் மாதிரி இழுபட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எண்ணவும் முடியவில்லை, ஒப்பிடவும் முடியவில்லை.

ஈரம் சொட்டும் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்தரும் செல்லம்மாளும் உள்ளே வந்து நின்றார்கள். காமாட்சி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

"சரியா விழலைங்க. காப்பு மறைக்குது," என்றேன்.

பத்தர் படத்துக்குக் கிட்டே போனார். அவர் எலும்பைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தாயி, இது என்ன கோடு?"

காப்பின் மேல் வளைவில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

"ரெண்டு முனையும் சேர்ற இடம்னு நினைக்கிறேன்."

"சேர்ற இடம் தெரியக்கூடாதே."

அவர் பெஞ்சுக்குப் போய், தூங்கும் மகளின் கையைத் தூக்கி, காப்பை விரலால் தடவிப் பார்த்தார். திரும்ப வந்து படத்தைப் பார்த்தார். மறுபடி போனார்.

"என்னவாம்?" என்றார் செல்லம்மாள் என்னிடம்.

பத்தரே சொன்னார். "பொடி ஓடல. மேலோட மட்டும் புடிச்சிருக்கு. உள்ளுக்குள்ள பிளந்தே கெடக்கு."

நகைக்காரர்கள் இரண்டு முனையை ஒட்ட நடுவில் ஒரு பொடியை வைத்து ஊதுகுழலால் தீயை ஊதுவார்கள். அது உருகி இடுக்கெல்லாம் ஓடி நிறைய வேண்டும். பிள்ளையின் கைக்குச் சூடு பட்டுவிடக் கூடாதென்று ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, அவசரமாக ஊதியிருக்கிறார். வெளியே அரத்தால் ராவி மெருகு போட்டதும் மறைந்துவிட்டது.

"ஒட்டுத் தெரியாத பத்தர்," என்றார் செல்லம்மாள். "ஊருக்கெல்லாம்."

"சும்மா இரு செல்லம்."

"நான் என்னத்தச் சொன்னேன். அஞ்சு வருசமாக் கும்புடுறோம், சாமி ஏன் கண்ணத் தொறக்கலன்னு நெனச்சேன். நீக கொடுத்தது அரகொறையில்ல?"

பத்தர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக்கூடக் கஷ்டமாக இருந்தது. மகளின் மறு கையைக் காட்டி, "அந்தக் கைக்கும் ஒரு படம் புடிச்சுப் பாத்திருவமா தாயி?" என்றார்.

"ஐயா, எங்களுக்குப் பிள்ளையோட கையைப் படம் பிடிக்கத்தான் சொல்லிக்குடுத்திருக்கு. நகைக்கு இல்ல."

செல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பத்தரும் லேசாகச் சிரித்துவிட்டார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "இப்புடியே விடக்கூடாது. அறுத்துத்தான் செய்யணும். ரெண்டையும்," என்றார்.

வேண்டுதலை முடிக்க அவர் அறுக்கவில்லை. வேண்டுதலைச் சரியாகச் செய்வதற்காக அறுக்கப்போகிறார். அந்த வித்தியாசம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. நான் அதற்குள் தலையிடவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"அறுத்ததுக்கும் மறுபடி ஊதுறதுக்கும் நடுவுல, எனக்கு ஒரு நிமிஷம் கொடுங்க."

மஞ்சள் நூல்

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நேர்ந்துகொண்ட கையை வெறுங்கையாக வீதியில் கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்றார் பத்தர். பட்டறை எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நாலு தெரு தள்ளி. யோசித்துவிட்டு, "அப்ப சாமான நான் இங்குட்டுக் கொண்டாந்துர்றேன்," என்றார்.

அடுத்த கார்த்திகை அன்று காலையில் வந்தார். குளித்து, திருநீறு பூசி, ஒன்றும் சாப்பிடாமல். எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டார். காப்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, மயிரிழை ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினார்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு வந்து நின்று பார்த்தார். வைத்தியத்துக்கு வந்த மற்றவர்களும் பார்த்தார்கள். ரம்பத்தின் சத்தம் தூரத்தில் ஒரு பூச்சி கத்துகிற மாதிரி கேட்டது. வெள்ளித் தூள் துணியில் பனி மாதிரி விழுந்தது. காமாட்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று அவள் தூங்கவில்லை.

காப்பு விலகிய இடத்தில் தோல் வேறு நிறமாக இருந்தது. செல்லம்மாள் உடனே இரண்டு மணிக்கட்டிலும் மஞ்சள் நூலைக் கட்டினார்.

"இது இருக்கலாமா தாயி?"

"இருக்கலாம். நூல் படத்துல விழாது."

இந்தத் தடவை அவள் கை சத்தமில்லாமல் வந்து கேசட்டில் உட்கார்ந்தது.

இரண்டு பக்கங்கள்

படம் காயும்வரை டாக்டர் காத்திருக்கவில்லை. ஈரமாகவே விளக்குப் பெட்டியில் மாட்டச் சொன்னார். புத்தகத்தைத் திறந்தார். பத்து வயதுப் பக்கத்தைப் பார்த்தார். புரட்டினார். ஒன்பது, எட்டு, ஏழு. அப்புறம் இன்னும் பின்னால். கடைசியில் ஓரிடத்தில் ஒரு விரலையும், பத்து வயதுப் பக்கத்தில் இன்னொரு விரலையும் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒரே பிள்ளையோட கைதானே இது?"

எட்டு எலும்பும் இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருந்தன. அதிலும் ஆறாவது ஒரு கடுகு. எண்ணிப் பார்க்கும் பழைய வழியில் ஐந்து வயது. என் தாள்களின் கூட்டில் விரல்கள் முன்பு வந்த அதே ஒன்பதரை. மணிக்கட்டு ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம்.

முகஜாடை பார்க்கிற வழியில் இந்தக் கைக்கு ஒரு பக்கமும் கிடையாது. விரல் ஒரு பக்கத்தைச் சேர்ந்தது, மணிக்கட்டு வேறு பக்கத்தைச் சேர்ந்தது. நடுவில் ஏதாவது ஒரு வயதைச் சொல்லியிருந்தால், அது இரண்டுக்குமே பொய்யாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிடும் எந்த வழியிலும் அந்த ஆபத்து உண்டு. என் தாள்களும் இரண்டு கூட்டையும் தனித்தனியாக வைத்திருந்ததால்தான் தப்பின. எந்த வழி சிறந்தது என்று இப்போதும் என்னைக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கையைக் கேட்டால், ஒன்றை வைத்து மற்றதைச் சோதித்துக்கொள் என்றுதான் சொல்லும்.

டாக்டர் வெளியே போய்க் காமாட்சியின் தோலைத் தொட்டுப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். நாக்கை நீட்டச் சொன்னார். செல்லம்மாளிடம் நிறையக் கேட்டார், முன்பு கேட்காததையெல்லாம். திரும்பி வந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"தைராய்டு சுரப்பி வேலை செய்யலைன்னு நினைக்கிறேன். அப்படின்னா மாத்திரை இருக்கு," என்றார் பத்தரிடம். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்லியிருந்தேன்," என்றார்.

மதுரையில் அதையே சொன்னார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.

தொளதொளவென்று

ஒரு மாதம் போலக் கழித்து அவர்கள் வந்தபோது காமாட்சி ஓடிவந்தாள். ஓடினாள் என்பதை முதலில் கவனித்தது டாக்டர். காப்புகள் மறுபடி கையில் இருந்தன. ஆனால் கையைத் தூக்கினால் முழங்கைக்குப் போயின, தொங்கவிட்டால் விரல் முட்டிக்கு வந்தன.

"இன்னும் வெள்ளி சேர்த்தீங்களா?" என்றேன்.

"ஆமா தாயி. அதே அளவுல போட்டா, இதுக்கு மேல வளர மாட்டான்னு நானே சாமிகிட்டச் சொல்ற மாதிரி இருக்குமில்ல," என்றார் பத்தர். "கையில வைக்காம, தனியா உக்காந்து, நிதானமா ஊதுனேன். இப்ப படம் புடிச்சாலும் கோடு தெரியாது."

"நகைக்குப் படம் புடிக்க மாட்டாகளாம்," என்றார் செல்லம்மாள்.

வேண்டுதலில் அம்மாவின் தோள் உயரம் வரும்வரை அறுக்கக் கூடாது என்றுதான் இருந்ததே தவிர, கழன்று வரக் கூடாது என்று இல்லை; இறுக்கிப் போட்டது பத்தரின் சொந்த யோசனை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சிவப்பு வெளிச்சம்

அடுத்த படம் எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தலை வாரிப் பூ வைத்து வந்திருந்தாள். மேஜை விளிம்பு அவள் வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே எங்கோ இருந்தது. காப்பை அவளே கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இருட்டறைக்குள்ள நானும் வரலாமா மிஸ்?"

யாரையும் விடுவதில்லை. பழைய படத்தை விளக்குப் பெட்டியில் காட்டிவிட்டு அவளை விட்டேன்.

கதவைச் சாத்தினால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு சிவப்பு விளக்கு மெல்லமாகக் கண்ணுக்குப் பழகும். தொட்டி, சட்டம், என் கை, அவள் முகம். படத்தைச் சட்டத்தில் பூட்டி டெவலப்பருக்குள் இறக்கினேன். வெளியே வெயில் கொளுத்தும் பங்குனி. உள்ளே புளிப்பான மருந்து வாசனையும் குளிர்ச்சியும். ஏதோ ஒரு குளத்தின் அடியில் இரண்டு பேரும் நிற்கிற மாதிரி இருந்தது.

சட்டத்தைத் தூக்கிப் பார்த்தோம். முதலில் விரல்கள் வந்தன. பிறகு மணிக்கட்டு, மங்கலாக, ஒவ்வொன்றாக. நான் வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிக்கும்முன் அவள் விரல் நீண்டது. படத்தைத் தொடாமல், கட்டைவிரலின் அடியில், முன்பு வெறும் கறுப்பாக இருந்த இடத்துக்கு நேராக நின்றது. பாசிப்பயறு அளவுக்கு ஒரு வெள்ளை.

"இது போன தடவை இல்ல மிஸ்."

"இல்ல."

கதவுக்கு வெளியே செல்லம்மாளின் குரல். "ஏ புள்ள, என்னடி தெரியுது?"

காமாட்சி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வந்துக்கிட்டு இருக்கும்மா," என்றாள்.